மாயாஜால அனிமேஷன் இசைப்படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவதை, சாபம், பேசும் விலங்கு, நடுநடுவே ஏழெட்டுப் பாட்டு. இந்த வகைப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு முன் பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். ஒரே படம் ஒரு வீட்டில் கொண்டாட்டமாகவும் இன்னொரு வீட்டில் இரண்டு வாரத் தூக்கக்கேடாகவும் முடிவதுண்டு. ஆகவே எந்தப் படம் நல்ல படம் என்ற பட்டியலை இங்கே தேட வேண்டாம். எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதுதான் இங்கே இருக்கிறது.

கார்ட்டூன்தானே, ‘யூ’ சான்றிதழ் வேறு இருக்கிறது. இதற்கு மேல் என்ன யோசனை?

அனிமேஷன் என்பது படம் எடுக்கும் முறை. அதை வைத்துப் பார்க்கிறவரின் வயதைச் சொல்ல முடியாது. பெரியவர்களுக்காகவே எடுத்த அனிமேஷன் படங்கள் நிறைய உண்டு.

சான்றிதழும் பலர் நினைப்பதைச் சொல்வதில்லை. ‘இதில் தடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை’ என்பதுதான் அதன் பொருள். ‘இது குழந்தைகள் படம்’ என்று அது சொல்வதில்லை. படங்களுக்குத் தரம் குறிக்கும் அமெரிக்க அமைப்பு தன் ‘ஜி’ (எல்லா வயதினரும் பார்க்கலாம்) தரத்துக்கான விளக்கத்திலேயே, இது பாராட்டுச் சான்றிதழ் அல்ல, குழந்தைகளுக்கான படம் என்ற அடையாளமும் அல்ல என்று எழுதி வைத்திருக்கிறது.

தணிக்கைக் குழு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதை அளக்கிறது: அடிதடி, ரத்தம், கெட்ட வார்த்தை, உடல் காட்டல், போதைப்பொருள். துக்கத்தை அளப்பது கடினம். ‘லயன் கிங்’ (1994) படத்தில் குட்டியின் கண்ணெதிரே தந்தை சாகிறது. அமெரிக்காவில் அதற்கு ‘ஜி’. ‘ஃப்ரோஸன்’ (2013) படத்துக்கு ‘பிஜி’ (பெற்றோர் வழிகாட்டல் தேவைப்படலாம்). அதற்குச் சொன்ன காரணம் கொஞ்சம் ஆக்‌ஷனும் லேசான முரட்டு நகைச்சுவையும். இந்த இரண்டில் எது உங்கள் பிள்ளையை அதிகம் அழவைக்கும் என்பதற்கு அந்த எழுத்துகளில் பதில் கிடையாது.

ஒவ்வொரு நாட்டிலும் ஒரு குறியீடு. எதை எப்படிப் படிப்பது?

இந்தியாவில் ‘யூ’ (எல்லோருக்கும்), ‘யூஏ’ (பெற்றோர் வழிகாட்டலோடு), ‘ஏ’ (பெரியவர்களுக்கு மட்டும்) என்பவை பொதுவானவை. 2024 விதிகளின்படி ‘யூஏ’ மூன்றாகப் பிரிந்தது: 7+, 13+, 16+. ஓடிடி தளங்களுக்கு இதே வயதுப் பிரிவுகள் 2021-லேயே வந்துவிட்டன. இவை பெற்றோருக்கான வழிகாட்டல்தான். பிள்ளையின் வயது குறைவு என்பதற்காக ‘யூஏ’ படத்துக்கு அரங்கில் கதவை அடைக்க மாட்டார்கள்.

பிரிட்டனில் ‘யூ’ என்றால் நான்கு வயதும் அதற்கு மேலும். ‘பிஜி’ என்றால் சுமார் எட்டு வயதுப் பிள்ளையைக் கலங்கவைக்காது என்று பொருள். ஆறு வயதுக்காரருக்கு அது எச்சரிக்கை. ‘12ஏ’ என்றால் 12 வயதுக்குக் கீழே உள்ளவர் பெரியவரோடுதான் அரங்குக்குள் போகலாம். அமெரிக்காவில் ஜி, பிஜி, பிஜி-13 என்ற வரிசை. சிங்கப்பூரில் ஜி, பிஜி, பிஜி13.

எழுத்தைவிடப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை வரிக் காரணம் பயனுள்ளது. ‘லேசான மிரட்டல்’, ‘பயமூட்டும் உருவங்கள்’, ‘கனமான கருப்பொருள்’ என்று இருக்கும். இந்த மூன்றும் ஒன்றல்ல. முதலாவது துரத்தல், இரண்டாவது தோற்றம், மூன்றாவது பெரும்பாலும் சாவு, பிரிவு, புறக்கணிப்பு. உங்கள் பிள்ளை எதற்கு நடுங்குமோ அதைத்தான் தேட வேண்டும்.

டிரெய்லர் பார்த்தால் போதாதா?

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே பலிக்காது. டிரெய்லர் டிக்கெட் விற்பதற்காகச் செய்தது. நகைச்சுவைத் துணைப் பாத்திரத்தையும் வண்ணமயமான பாட்டையும் முன்னால் வைத்து, கதையின் இருண்ட பகுதியை ஒளித்துவிடும். முதல் அரைமணி நேரத்துக் காட்சிகளாலேயே நிறைந்த டிரெய்லர்களும் உண்டு. படத்தின் நிறம், வேகம், வில்லனின் தோற்றம் இவ்வளவுக்குத்தான் அதை நம்பலாம்.

முழுப் படத்தையும் முன்கூட்டியே பார்க்க நேரமில்லை. குறைந்தது எதைப் பார்க்க வேண்டும்?

வீட்டில் பார்க்கும் படமானால் இருபது நிமிடம் போதும். இவ்வகைப் படங்கள் 90 முதல் 110 நிமிடம் ஓடும். கட்டமைப்பும் பெரும்பாலும் ஒரே அச்சுதான். ஆகவே எங்கே கைவைப்பது என்று தெரியும்.

முதல் பத்து நிமிடத்தை ஓட்டாமல் பாருங்கள். பழங்கதை, சாபம், பெற்றோர் சாவு எல்லாம் பெயர் போடுவதற்கு முன்பே முடிந்துவிடும் படங்கள் அதிகம். குழந்தை இன்னும் மடியில் சரியாக உட்காரக்கூட இல்லாத நேரம் அது. அடுத்து வில்லன் பாடும் பாட்டு. சராசரியாகப் படத்தின் நடுப்பகுதியை ஒட்டி வரும். உருமாற்றம், பச்சை ஒளி, நிழல், எலும்புக்கூடு எல்லாம் அங்கேதான் குவியும். மூன்றாவதாக, மொத்த நீளத்தில் முக்கால் பங்கை ஒட்டிய இடம். நூறு நிமிடப் படமானால் 70-வது நிமிடத்திலிருந்து 85 வரை. நண்பர்கள் பிரிவது, யாரோ செத்துவிட்டதாகத் தோன்றுவது, இறுதிச் சண்டை எல்லாம் இந்த வரம்புக்குள் வந்துவிடும். இதைப் பத்துப் பத்து நொடியாகத் தாண்டிப் பார்க்கலாம். ஆனால் ஒலியை நிறுத்தாதீர்கள். பயத்தில் பாதி பின்னணி இசையில் இருக்கிறது. கடைசியாகப் பெயர்ப்பட்டியலுக்குப் பின் வரும் குட்டிக் காட்சி. வில்லன் இன்னும் சாகவில்லை என்று காட்டிவிட்டு முடிப்பது ஒரு வழக்கம். ‘அது திரும்பி வருமா?’ என்று படுக்கையில் கேள்வி வரும்.

தியேட்டர் படமானால் கதைச் சுருக்கத்தை முடிவுவரை படித்துவிட்டுப் போங்கள். பெரியவருக்குச் சுவாரசியம் போகும்தான். பிள்ளைக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேறு வழியில்லை.

பாட்டுகளைத் தனியாகச் சோதிக்க வேண்டுமா? ஏன்?

படம் நூறு நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டு வீட்டில் மூன்று மாதம் ஓடும். காரில், குளியலறையில், சாப்பாட்டு மேசையில். எங்களைக் கேட்டால் இசைப்படத்தைப் பொறுத்தவரை முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான். பெரும்பாலானோர் கடைசியில்கூடச் செய்வதில்லை.

கதைக்குள் ஒரு பாட்டுக்கு இடம் உண்டு. நாயகி வீட்டைவிட்டு ஓடும்போது ‘எனக்கு யாரும் வேண்டாம், எந்த விதியும் வேண்டாம்’ என்று பாடுவாள். கதை அவள் நினைப்பு பாதி தப்பு என்று பின்னால் காட்டும். ஆனால் அந்தப் பின்பகுதிக்குப் பாட்டு இருக்காது. இருந்தாலும் மெதுவான மெட்டாக இருக்கும். ஆக, பிள்ளை பாடித் திரிவது ஓடிப்போகும் பாட்டைத்தான். திருத்தம் கதையில் தங்கிவிடுகிறது, தப்பு மட்டும் நாக்கில் ஏறிவிடுகிறது.

வில்லன் பாட்டில் இது இன்னும் கூர்மை. தாளமும் கேலியும் நிறைந்திருப்பதால் படத்தின் மிகப் பிடித்த பாட்டாகவே அது ஆகிவிடலாம். ‘இவன் தன் கெட்டதனத்தையே பெருமையாகச் சொல்கிறான், அதனால்தான் சிரிப்பு’ என்பது எட்டு, ஒன்பது வயதில் பிடிபடும். நான்கு வயதுக்குப் பிடிபடாது. அது வரியை வரியாகவே எடுத்துக்கொள்ளும்.

சோதிக்கும் முறை எளிது. பாடல் தொகுப்பு பெரும்பாலும் பட வெளியீட்டை ஒட்டியோ சற்று முன்போ வந்துவிடும். முதலில் வரிகளை இசையில்லாமல் எழுத்தில் படியுங்கள். நல்ல மெட்டு மோசமான வரியை மறைத்துவிடும். யார் பாடுகிறார், என்ன வேண்டும் என்று பாடுகிறார், அந்த ஆசைக்குக் கதை பின்னால் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு பல்லவியையும் உங்கள் பிள்ளை விருந்தினர் முன் உரக்கப் பாடுவதாக நினைத்துப் பாருங்கள். உடல் பருமனைக் கேலி செய்யும் வரி, காதல் ஏக்க வரி, ‘உன்னைக் கொல்வேன்’ என்ற விளையாட்டு வரி எல்லாம் அந்த இடத்தில் தானாகத் தட்டுப்படும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதலில் மகிழ்ச்சியாக வந்த அதே மெட்டு, பின்னால் சாவுக் காட்சியில் மெல்ல ஒலிக்கும். இது இசைப்படத்தின் பழைய உத்தி. படம் முடிந்த பின் அந்த மகிழ்ச்சிப் பாட்டைப் போட்டாலே பிள்ளை அழுதால் காரணம் இதுதான். சில வாரம் அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள்.

டப்பிங்கில் பார்ப்பதா, மூல மொழியிலா?

சப்டைட்டிலை ஓட்டத்தோடு படிக்கத் தெரியாத பிள்ளைக்கு டப்பிங்தான். படிக்கத் தெரிந்தாலும் பாட்டு நேரத்தில் வரிகள் வேகமாக மாறும். படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் பார்ப்பது பத்து வயதுக்குக் கீழே சிரமம்.

ஆனால் டப்பிங் பாட்டு வேறு பாட்டு. வாயசைவுக்கும் மெட்டின் அசைக்கும் பொருந்த வேண்டியிருப்பதால் பொருள் நகரும். மூலத்தில் மென்மையாக இருந்த கிண்டல் டப்பிங்கில் தெருப்பேச்சாகலாம், நேர்மாறாகவும் நடக்கும். வசனம் டப் ஆகி, பாட்டு மட்டும் மூல மொழியிலேயே இருக்கும் படங்களும் உண்டு. கதையின் திருப்பம் பாட்டுக்குள் இருந்தால் சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது, நெளியத் தொடங்கும். எந்த மொழியில் பார்க்கப் போகிறீர்களோ அந்த மொழிப் பாட்டைத்தான் சோதிக்க வேண்டும். சான்றிதழும் மொழிப் பதிப்புக்கு ஏற்ப மாறக்கூடும்.

எந்த வயதுப் பிள்ளை எதற்குப் பயப்படும்?

வயது என்பது தோராயம்தான். ஆனாலும் ஒரு போக்கு இருக்கிறது.

மூன்றிலிருந்து ஆறு, ஏழு வயதுவரை தோற்றமே எல்லாம். அவலட்சணமாகத் தெரியும் நல்ல பூதத்தைக் கண்டு அழும். அழகான வில்லியைக் கண்டு அழாது. திடீர்ச் சத்தம், இருட்டு, தாயைப் பிரிவது இவையெல்லாம் அதோடு சேரும். முக்கியமாக உருமாற்றம். தெரிந்த முகம் கண்ணெதிரே வேறொன்றாக மாறுவதை இந்த வயது தாங்காது. மாயாஜாலப் படத்தில் இதுதான் அடிப்படைச் சரக்கு என்பதால் ஐந்து வயதுக்காரரோடு பார்ப்பவர்கள் வேறெதையும் விட உருமாற்றக் காட்சிகளை எண்ணிக்கொள்வது நல்லது.

எட்டு வயதை ஒட்டித் தோற்றத்தின் பிடி தளர்கிறது. ‘பாத்திரத்துக்கு என்ன ஆகும்?’ என்ற கவலை வருகிறது. அடிபடுதல், சிறைப்படுதல், செல்ல விலங்குக்கு ஆபத்து. பத்து, பன்னிரண்டில் பூதம் சிரிப்பு மூட்டும். நண்பன் துரோகம், கூட்டத்தின் முன் அவமானம், தன்னைப் பற்றிய ரகசியம் வெளியாவது ஆகியவைதான் உறுத்தும். ‘அவள் இப்போது பெரியவள், எதற்கும் பயப்பட மாட்டாள்’ என்று விடுவது இங்கேதான் தவறுகிறது. பயப்பட மாட்டாள், ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

பயந்தால் ‘இது நிஜமில்லை, வெறும் படம்’ என்று சொன்னால் சரியாகாதா?

எட்டு வயதுக்கு மேல் ஓரளவு உதவும். அதற்குக் கீழே விளக்கம் எடுபடாது. மடி, கைப்பிடி, குடிக்கத் தண்ணீர், பிடித்த பொம்மை ஆகியவைதான் வேலை செய்யும். கண்ணை மூடச் சொன்னால் இசை இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். வீட்டில் என்றால் ஒலியைக் குறையுங்கள், விளக்கைப் போடுங்கள். தியேட்டரில் எழுந்து வெளியே போய் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, பிள்ளையே ‘போகலாம்’ என்றால் மட்டும் திரும்புங்கள்.

ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது: பயந்த இடத்திலேயே படத்தை நிறுத்தி, மறுபடி போடாமலே விடுவது. பிள்ளையின் மனதில் கதை அந்த இடத்திலேயே உறைந்துவிடும். பார்க்க மறுத்தால் பார்க்க வேண்டாம். ஆனால் வில்லன் தோற்றான், அம்மா திரும்பி வந்தாள் என்று முடிவை வாயால் சொல்லி முடித்துவிடுங்கள்.

கதையில் அம்மாவோ அப்பாவோ இறந்தால் தவிர்க்க வேண்டுமா?

இந்த வகையில் பெற்றோர் இல்லாத நாயகரைத் தவிர்க்க நினைத்தால் மிச்சம் சில படங்களே இருக்கும். சாவு நடக்கிறதா என்பதை விட எப்படி நடக்கிறது என்பதே முக்கியம். திரைக்கு வெளியே நடந்து ஒரு வரியில் சொல்லப்படுகிறதா, கண்முன் நடக்கிறதா? தன்னால்தான் அது நடந்தது என்று பிள்ளைப் பாத்திரம் நம்புகிறதா? இந்தக் குற்றவுணர்வுதான் அதிகம் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் மந்திரத்தால் இறந்தவர் மீண்டு வருகிறாரா?

வீட்டில் அண்மையில் துக்கம் நடந்திருந்தால் கடைசிக் கேள்விதான் பெரியது. ‘அவங்களுக்கு வந்தாங்களே, தாத்தா ஏன் வரலை?’ என்பதற்குப் பதில் தயாராக இல்லையென்றால் சில மாதம் தள்ளிப் போடுங்கள். தத்தெடுத்த பிள்ளை, மாற்றுத் தாய் அல்லது தந்தையோடு வளரும் பிள்ளை இருக்கும் வீட்டில் ‘உண்மையான அம்மாவைத் தேடும்’ கதையும் ‘கொடுமைக்காரச் சித்தி’ கதையும் இதே கவனத்தைக் கேட்கும்.

பேய், ஆவி, மந்திரம் எல்லாம் வருகிறது. எங்கள் நம்பிக்கைக்கு ஒத்துவருமா?

இதை வெளியார் தீர்மானிக்க முடியாது. ஆனால் ‘மந்திரம் இருக்கிறது’ என்ற ஒரே வரியோடு நிறுத்தாமல் அது எந்த வகை என்று பிரித்தால் முடிவெடுப்பது சுலபம். பிறவியிலேயே வந்த சக்தி ஒரு வகை. பறவைக்குச் சிறகு போல. வில்லனோடு ஒப்பந்தம் போட்டு, குரலையோ ஆன்மாவையோ கொடுத்து வாங்கும் சக்தி இன்னொரு வகை. சடங்கு செய்து, ஓதி, ஆவியை அழைப்பது மூன்றாவது. பல குடும்பங்களுக்கு முதலாவது உறுத்துவதில்லை, மூன்றாவது உறுத்துகிறது. எந்த வகை யார் கையில் இருக்கிறது, அதற்கு விலை உண்டா என்பதைக் கதைச் சுருக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

காதல், முத்தம்?

பெரும்பாலும் ஒரு முத்தத்தோடு முடியும். தூங்குபவரை முத்தமிடுவது, பார்த்த மறுநாளே திருமணம், அழகில்லாதவர் மாறி அழகானதும் காதல் கிடைப்பது ஆகியவற்றைப் பற்றிப் பேச்சு வைத்துக்கொள்ளலாம். படத்தையே தடுக்க வேண்டியதில்லை என்பது எங்கள் எண்ணம். பெண் பாத்திரத்தின் உடல் வரைந்த விதத்தையும் மேடைப் பாட்டின் உடையையும் நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான்கு வயதும் பதினொன்றும் ஒரே வீட்டில். யாருக்கு ஏற்பப் பார்ப்பது?

சின்னவருக்கு ஏற்ப. பெரியவருக்குத் தனியாக இன்னொரு நாள். இரண்டு பெரியவர்கள் இருந்தால் முக்கால் பங்கில் சின்னவரோடு ஒருவர் வெளியேறுவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளையிடம் ‘அடுத்து என்ன வரும்னு தம்பியைப் பயமுறுத்தாதே’ என்று சொல்லி வைப்பதும் தேவைப்படும்.

இரண்டு வயதுக் குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல் இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது. இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. ஒரு முழுப் படமே அதைத் தாண்டிவிடும். வீட்டில் என்றால் இரண்டு பாட்டுக்கு ஒரு முறை நிறுத்தி, மூன்று நாளாகப் பிரித்துக் காட்டலாம்.

மின்னி மின்னி வரும் காட்சிகளால் வலிப்பு வருமா?

ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு வரலாம். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடுவதும், அடர் சிவப்பு மின்னலும் ஆபத்தானவை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய சில நொடிகளால் 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. இசைப்படத்தில் கச்சேரி மேடை, மந்திர மோதல் காட்சிகளில் இப்படி மின்னும்.

முன்பு வலிப்பு வந்திருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். வீட்டில் அறை விளக்கு எரியட்டும், திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள், தள்ளி உட்காருங்கள். மின்னத் தொடங்கினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடி முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் வெறுமனே இமை மூடினால் ஒளி இமை வழியே உள்ளே போகும். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் அவசர உதவி.

தியேட்டர் சத்தம் அதிகமாக இருக்கிறதே?

இருக்கும். அரங்க ஒலியமைப்பின் தரவரையறை ஒரு ஸ்பீக்கருக்கு உச்சத்தில் 105 டெசிபல்வரை இடம் தருகிறது. முன்வரிசையும் சுவர் ஸ்பீக்கரை ஒட்டிய ஓர இருக்கையும் வேண்டாம். நடு வரிசைக்குச் சற்றுப் பின்னால், நடுவில் எடுங்கள். காதில் பஞ்சு வைப்பது பெரிதாக உதவாது. குழந்தைகளுக்கான காதுக்கவசம் வாங்கி, வீட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பழக்குங்கள். அரங்கில் முதல்முறை மாட்டினால் பிடுங்கி எறியும். ஒலி, ஒளி உணர்திறன் அதிகமான பிள்ளைகளுக்குச் சில அரங்குகள் விளக்கை முழுதாக அணைக்காமல், சத்தத்தைக் குறைத்துத் தனிக் காட்சி நடத்துகின்றன.

வீட்டில் வசனம் கேட்கவில்லை, பாட்டு வந்தால் அலறுகிறது என்றால் டிவியின் ஒலி அமைப்பில் ‘நைட் மோட்’ போடுங்கள்.

ஓடிடியில் என்னென்ன செட்டிங்ஸ் பார்க்க வேண்டும்?

பிள்ளைக்குத் தனிப் புரொஃபைல், வயது வரம்பு, பெரியவர் புரொஃபைலைப் பூட்டும் ரகசிய எண் (PIN). இந்த மூன்றாவதைத்தான் விட்டுவிடுவார்கள். பூட்டாத பெரியவர் புரொஃபைல் பக்கத்திலேயே இருந்தால் முதல் இரண்டும் வீண். ஆட்டோபிளேயை அணையுங்கள். இல்லாவிட்டால் படம் முடிந்த அடுத்த நொடி தானாகவே வேறு ஏதோ ஓடத் தொடங்கும்.

இணையத்தில் பிற பெற்றோர் எழுதுவதை நம்பலாமா?

தீர்ப்பை விடுங்கள், விவரத்தை எடுங்கள். ‘அருமை, எல்லோரும் பார்க்கலாம்’ என்பதில் ஒன்றும் இல்லை. ‘வில்லி பாம்பாக மாறும் காட்சியில் என் ஐந்து வயது மகன் எழுந்து ஓடினான்’ என்பதில் வயதும் காட்சியும் இருக்கிறது. ஐஎம்டிபியின் பெற்றோர் வழிகாட்டிப் பகுதி பாலியல், வன்முறை, கெட்ட வார்த்தை, மது–போதை, பயமூட்டும் காட்சி என்று ஐந்தாகப் பிரித்து எழுதுகிறது. ஐந்தாவதை முதலில் படியுங்கள். அங்கே முடிவும் வெளிப்படும் என்பதால் பிள்ளை கையில் போனைக் கொடுத்துப் படிக்கவைக்காதீர்கள்.

அதே படத்தை இருபது தடவை கேட்கிறாள். பரவாயில்லையா?

பரவாயில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே சின்னப் பிள்ளைக்குச் சுகம். ஆனால் அவள் ஒவ்வொரு முறையும் ஒரே காட்சிக்கு ஓட்டச் சொல்கிறாளா, அல்லது ஒரே காட்சியைத் தாண்டச் சொல்கிறாளா என்று கவனியுங்கள். தாண்டச் சொல்லும் இடம்தான் இன்னும் பயம் தீராத இடம். அவளாக அதைப் பார்க்க விரும்பும்வரை தாண்டிக்கொண்டே இருங்கள்.